நிலையும் நிகழ்வும்



நீலசந்திராவில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், வீதியில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பயில்கின்றனர். மும்மொழி அறிந்த இவர்களுள் ஒருவர் நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் நோயிங் கன்னடா' என்று கூறினால் தேர்வாளர் புன்முறுவல் பூக்கிறார். அந்த நாணத்தால், அடுத்த வினாவுக்கு விடை தெரிந்தும் பிள்ளை வாயடைத்து நிற்பதுண்டு. இதற்கு மருந்து யாது?

ஓடுதல், எழுதுதல் போன்றவை நிகழ்வுகள். அறிதல், விரும்புதல், உடைமை போன்றவை நிலைகள். ஆங்கிலம் நிகழ்வுக்கு 'இங்' ஈற்றைத் தாராளமாக வழங்கும். நிலைக்குப் பெரும்பாலும் வழங்காது.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. 'எனக்குக் கன்னடம் தெரியும்' என்கிறோம். 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எவரேனும் கூறுவரோ? பிடிக்கும், வேண்டும் என்பனவும் அத்தகையனவே. கன்னடத்தாரின் 'கொத்து', 'பேகு' என்பனவும் அவ்வகையினவே. ஆனால் 'வைத்திருக்கிறேன்', 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்னும்போது அவ்வீற்றிலுள்ள 'இருக்கிறேன்' நம்மை 'ஐ ஆம் ஹேவிங்', 'ஐ ஆம் பிலீவிங்' என்று இழுத்துச் செல்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி கூறுவோம். தமிழில் தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும் என்று வருமிடத்தில் ஆங்கிலத்தில் 'இங்' வேண்டா. 'ஹேவ்' என்பதில் மட்டும் பொருளை நோக்குக. காபி அருந்துவது நிகழ்வு. ஆதலால் 'ஐ ஆம் ஹேவிங் காபி' சரியே. உடன்பிறந்தார் இருப்பது நிலை; அங்கே 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதே முறை.

கவிஞர் நிசிம் எசக்கியேல் (1924–2004) இத்தகைய இந்திய ஆங்கிலத்தையே கருவியாக்கிக் கவிதைகள் புனைந்தார். 2003ஆம் ஆண்டில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 'லவ்' என்னும் நிலைவினைக்கே 'இங்' சேர்த்து உலகெங்கும் விளம்பரம் செய்தது. பெருநிறுவனம் சொன்னால் புதுமை, நம் பிள்ளை சொன்னால் பிழையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும் விதியை அறிந்து மீறுபவரை உலகம் இரசிக்கிறது. அறியாது மீறுபவரை நகைக்கிறது. நம் பிள்ளைகள் அறிந்தவர்களாக விளங்கட்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின்னர் தனிமையில் திருத்துவோம். பிழையைத் திருத்துதல் எளிது. நாணத்தால் அடங்கிய நாவை மீண்டும் பேசவைத்தல் அரிது.