பிள்ளையின் பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள்
(கோடை விடுமுறையை முன்னிட்டு மில்லர்புரத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே! பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது. இந்த வருடமும் நம் மஹல்லாவில் சில குடும்பங்கள் மலேசியா, கொழும்பு, துபாய் என்று புறப்படத் தயாராகின்றன. முன்பெல்லாம் சபர் என்றால் சம்பாதிக்கப் போவதுதான். இப்போது பிள்ளைகளுக்கு ஊர் காட்டவும் போகிறோம். சந்தோஷம்தான்.

சென்ற வருடம் நடந்ததை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு சொல்கிறோம். ஐந்து பேர் கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுத்து, வேன் பிடித்துத் திருச்சி விமான நிலையம் போனார்கள். "விசாவே வேண்டாம், பாஸ்போர்ட் போதும்" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். கவுண்டரில் கடைசிப் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் நான்கு மாதம்தான் மிச்சம் இருந்தது. ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். பிள்ளையை விட்டுவிட்டு யார் போவது? ஐந்து பேரும் அதே வேனில் திரும்பினார்கள். டிக்கெட் பணம் போனது போனதுதான். ஜூன் மாதம் அந்த வாப்பா பள்ளிக் கட்டணத்துக்காக நம் வட்டியில்லாக் கடன் பிரிவில் மனு கொடுத்தார். கொடுத்தோம். ஒரு தேதியைப் பார்த்திருந்தால் அந்தக் கடனே தேவைப்பட்டிருக்காது.

பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 வருடம். சின்னப் பிள்ளைகளுக்கு 5 வருடம்தான். நம்முடையதைப் பார்த்துவிட்டு எல்லோருடையதும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். அங்கே போய் இறங்கும் நாளில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

மலேசியாவில் 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லை. 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை உண்டு. விசா இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று அர்த்தமில்லை. இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் மூன்றையும் கேட்பார்கள். "மச்சான் வீட்டில் தங்குகிறோம்" என்றால் மச்சானின் முழு முகவரியும் போன் நம்பரும் கையில் வேண்டும். அப்படியே சிங்கப்பூரையும் எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களே, அதற்குத் தனியாக விசா எடுக்க வேண்டும்.

2011-ல் நம் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பல் ஓடியது. சில மாதங்களில் நின்றுவிட்டது. இப்போது மதுரை விமானம்தான் பலருக்கும் வசதி. இலங்கை அனுமதிக்கான கட்டண விதி அடிக்கடி மாறுகிறது. போன வருடம் போனவரிடம் கேட்காமல், டிக்கெட் எடுக்கும் முன் அந்நாட்டு அரசின் தளத்தில் பாருங்கள்.

இனி பணம். இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரைதான் கையில் கொண்டுபோகலாம். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் பயண அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மாற்றினால் ரொக்கமாக வாங்கமாட்டார்கள். வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். தெரிந்தவர், இரண்டு ரூபாய் குறைவாகத் தருகிறார் என்று கடைத்தெருவில் மாற்றாதீர்கள்.

ஏ.டி.எம். கார்டு இருக்கிறதே என்பவர்கள், வெளிநாட்டில் வேலை செய்யும்படி வங்கியின் செயலியில் அதைத் திறந்து வைக்க வேண்டும். அங்கே கடையில் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. பணம் முழுவதையும் வாப்பாவின் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். உம்மாவிடமும் பாதி இருக்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. குர்மாவுக்கென்று கசகசா கட்டிக்கொண்டு போகிறீர்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, வாங்கிய அட்டையிலேயே கொண்டுபோங்கள். கல்யாண நகையை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது. போட்டுக்கொண்டுதான் போவேன் என்றால், புறப்படும் விமான நிலையத்துச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கியதல்ல என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

வரும்போது யாராவது "ஊரில் கொடுத்துவிடுங்கள், ஒரு சின்ன பார்சல்" என்பார்கள். அமானிதம் என்று மறுக்கத் தயங்குவோம். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தங்கம் என்றால் வாங்கவே வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருபவருக்குத்தான் நகைக்கு வரிச் சலுகை. பத்து நாள் சுற்றிப் பார்த்து வருபவருக்கு இல்லை. பிடிபட்டால் கொடுத்தவர் வரமாட்டார்.

வருகை அட்டை நிரப்பத் தெரியாதவர்கள் அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். காசு வாங்காமல் நிரப்பித் தருகிறோம். டிக்கெட் எடுக்கும் முன்னரே வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்போர்ட்டையும் கொண்டு வாருங்கள். கடைசிப் பிள்ளையுடையது மேலே இருக்கட்டும்.