லயமும் நாமும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் அடிக்கடி ஒரு பேச்சு அடிபடும். "நம்ம சனம் இப்படித்தானுங்க, எத்தனை வருஷம் போனாலும் திருந்தாது." வெளியாட்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. நாமே நம்மைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பேச்சு சரிதானா என்று இன்றைக்குக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே பயந்த பிள்ளையாகப் பிறப்பதில்லை. கை கட்டி நிற்கும் பழக்கத்தோடும் பிறப்பதில்லை. வளர்கிற வீடு, இருக்கிற சட்டம், கிடைக்கிற சம்பளம், சுற்றியிருக்கிற ஆட்களின் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் மனிதரை ஆக்குகின்றன. இதை நமது சரித்திரத்திலேயே பார்க்கலாம்.

முதலில் இங்கே இருந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கிற காலத்துக்கு ஆட்கள் வருவார்கள், வேலை முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்புவார்கள். வந்தவர்களில் அதிகமானோர் ஆண்கள். 1869 இல் கோப்பி இலையில் ஒரு நோய் தோன்றியது. காலப்போக்கில் அந்தப் பயிரே அழிந்துபோயிற்று. அதற்கு முன்பே, 1867 இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்குப் பதிலாகத் தேயிலை மலையெல்லாம் பரவியது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை தேவைப்பட்டது. அதனால் குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். ஓர் இலையில் வந்த நோய் நமது குடும்ப வாழ்க்கையையே மாற்றிவிட்டது பாருங்கள்!

ஆனால் குடியிருப்பு மாறவில்லை. வந்து போகிற ஆட்களுக்கென்று கட்டிய லயத்தில்தான் குடும்பங்களும் இருந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். புருஷன் பெண்சாதி மனம்விட்டுப் பேச இடமில்லை. பிள்ளை விளக்கு வைத்துப் படிக்க ஒரு மூலையில்லை. "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்னவர்கள் அந்தக் காம்பராவை ஒரு தடவை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது கடன். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்து, துண்டு என்ற சீட்டு வாங்காமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் இருந்தது. 1921 இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. பிழைப்பும் கடனும் ஒரே ஆளின் கையில் இருந்தால் அவர் முன்னால் யார் தலை நிமிர்ந்து பேசுவார்? பணிவு நம் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வது பிழை. அது கடன் பழக்கிவிட்ட பணிவு.

தலை நிமிர்ந்தவர்களும் இருந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் உயிர் விட்டார். அந்தக் காலத்தில்தான் தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றியது. ஒருத்தர் தனியே துரையிடம் கேட்கப் பயந்ததைச் சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். அதே ஆட்கள்தான். ஒன்றுசேர்ந்ததும் குரல் மாறியது.

பிறகு 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனோம். வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! கந்தோர் என்றாலே நடுங்குகிற பழக்கம் அங்கிருந்துதான் பலமாக வந்தது. 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது நமது பிள்ளைகள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் நின்று கேள்வி கேட்கிறார்கள். பாட்டனுக்கு இருந்த பயம் பேரனுக்கு இல்லை. சனம் மாறாது என்றால் இது எப்படி நடந்தது?

பள்ளிக்கூடத்தையும் பாருங்கள். ஒரே அறையில் ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் பார்த்த காலம் இருந்தது. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்குப் பிறகு நம் லயத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வந்தார்கள். வாத்தியார் நம்ம வீட்டுப் பிள்ளை என்றதும், படித்தால் நாமும் இப்படி ஆகலாம் என்ற எண்ணம் மற்றப் பிள்ளைகளுக்கும் வந்தது.

இனி நாம் கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருவோம். 1984 வரைக்கும் தோட்டத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. "பொம்பளைக்கு அவ்வளவுதான்" என்று நாமும் அதை ஒத்துக்கொண்டிருந்தோம். போராட்டத்துக்குப் பிறகு அந்த வருடம் சம்பளம் சமமானது. செக்ரோலில் சமம் வந்தது, சரி. வீட்டுக்குள் வந்ததா? விடியமுன் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்கு ஏறி, பொழுதுசாயக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற தாய்க்கு வீட்டில் அடுத்த வேலை காத்திருக்கிறது. பீலியில் தண்ணீர், தலையில் விறகு, பிறகு அடுப்பு. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பாடு. பல வீடுகளில் அவள் சம்பளம் அவள் கைக்கே வருவதில்லை. இதற்குத் துரையைக் குற்றம் சொல்ல முடியாது. இது நாமே வைத்திருக்கிற சட்டம். ஆகவே நாமே மாற்ற வேண்டும்.

இதைப் பார்த்துத்தான் பிள்ளை வளர்கிறது. அம்மா கடைசியில் சாப்பிடுவதைப் பார்க்கிற மகள், தன் இடமும் அதுதான் என்று படித்துக்கொள்கிறாள். அப்பா குடித்துவிட்டு வந்து சத்தம் போடுவதைப் பார்க்கிற மகன், ஆம்பளை என்றால் இப்படித்தான் என்று படித்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் படிக்கிற பாடம் இது. வீட்டுக் கஷ்டத்தில் ஒரு பிள்ளையைப் படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்ப வேண்டும் என்றால், முதலில் பெண் பிள்ளையின் பேர்தான் வாயில் வருகிறது. அதுவும் இந்தப் பாடத்தின் பலன்தான்.

சில தோட்டங்களில் தனி வீடுகள் வந்திருக்கின்றன. இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. தனி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லயம் நமக்குக் கஷ்டத்தை மட்டும் கற்றுத்தரவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டிலிருந்து சோறு வரும். வேலைக்குப் போன தாயின் பிள்ளை விழுந்தால் பக்கத்துக் காம்பராக் கிழவி ஓடிவந்து தூக்குவாள். அந்த ஒத்தாசையை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். வேலி கட்டலாம், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மனசு இருக்க வேண்டும். குடியையும், பெண்ணைக் கடைசியில் வைக்கிற வழக்கத்தையும் லயத்தோடு விட்டுவிடுங்கள்.

நாம் கேட்பது நாலு காரியம். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் டீவியை நிறுத்தி, பிள்ளைகள் படிக்கச் சத்தமில்லாத இடம் கொடுங்கள். உழைக்கிற பெண்ணின் பேரில் ஒரு வங்கிப் புத்தகம் இருக்கட்டும். வீட்டு உறுதி கிடைக்கும்போது புருஷன், பெண்சாதி இரண்டு பேருடைய பேரையும் போடும்படி கேளுங்கள். தோட்டத்து நலக் கொமிட்டியில் பெண்களும் இளைஞர்களும் பேரளவில் உட்காராமல் வாய் திறந்து பேசட்டும்.

இவை சின்னக் காரியங்கள்தான். ஆனால் கடனும் காம்பராவும் நம்மை ஒரு விதமாக ஆக்கின. சங்கமும் வாக்கும் பள்ளிக்கூடமும் வேறு விதமாக ஆக்கின. இன்றைக்கு நாம் வீட்டுக்குள் செய்கிற மாற்றம் இன்னும் இருபது வருஷத்தில் இந்தத் தோட்டத்தில் எப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும். அடுத்த முறை யாராவது "நம்ம சனம் இப்படித்தான்" என்று சொன்னால், "இல்லீங்க, இப்படி ஆக்கினாங்க, இப்ப நாங்க மாத்திக்கிட்டு வர்றோம்" என்று பதில் சொல்லுங்கள்.