பசியையும் விழிப்பையும் ஆளும் கலங்கள்



கதிர் முற்றும் நாட்களில் மட்டக்களப்பின் படுவான்கரை வட்டைகளில் விடிய விடிய யானைக்காவல் நடக்கும். வாவிக்குள் இறாலுக்குப் போனவர்களும் தோணியில் விழித்திருப்பார்கள். வயிறு முட்டச் சோறு தின்றவனைக் காவலுக்கு நம்பக்கூடாது என்பதை இவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வயிற்றையும் கண்ணையும் இப்படிப் பிணைத்து வைத்திருப்பது ஹைப்போதலமஸ். 1,400 கிராம் எடையுள்ள மூளையில் ஏறத்தாழ 4 கிராம் அளவேயுள்ள பகுதி. அதற்குள் இருக்கும் ஒரு சிறு கலக்கூட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்து நாட்டவர் ஒருவரின் பெயரை முதலில் சொல்லியாக வேண்டும். இந்திய உடற்றொழிலியலாளர் பால் கிருஷ்ண ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் புரோபெக்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1951இல் வெளிவந்தது. ஹைப்போதலமசின் பக்கவாட்டில் இரு புறமும் ஒரு சிறு புள்ளியை அழித்தால் எலி உண்பதையே நிறுத்திவிடுகிறது. முன்னால் உணவு இருக்கும். எலி பட்டினியால் சாகும். ஒரு புறம் மட்டும் அழித்தால் அப்படி நேர்வதில்லை. பிற்காலத்தில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடற்றொழிலியல் துறையை வளர்த்தெடுத்த ஆனந்த், இரத்தத்தில் குளுக்கோசு ஏறும்போது அந்தப் பசி மையத்தின் மின்துடிப்புத் தணிவதையும் தம் சகாக்களோடு சேர்ந்து காட்டினார். கண்டுபிடிப்பெல்லாம் மேற்கிலிருந்தே வந்தது என்று எண்ணும் நம் மாணவர்கள் இந்தப் பெயரை மறக்கலாகாது.

நித்திரையின் வழியாக அதே இடத்துக்கு இன்னொருவர் முன்பே வந்திருந்தார். 1917இல் வியன்னாவில் கொன்ஸ்டன்ரின் வொன் எக்கொனோமோ ஒரு புதிய மூளைக்காய்ச்சலை விவரித்தார். ஓயாமல் உறங்கிக் கிடந்தவர்களின் மூளையில் ஹைப்போதலமசின் பின்பகுதியும், நித்திரையே வராமல் தவித்தவர்களுக்கு முன்பகுதியும் பழுதுபட்டிருந்தன.

இரண்டு வழிகளும் ஒன்றுசேர 1998 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவின் இரு குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. அதுதான் ஹைப்போதலமசில் சுரக்கும் ஒரெக்சின். எலியின் மூளைக்குள் செலுத்தியபோது எலி கூடுதலாகத் தின்றது. ஆகவே பசியைத் தூண்டும் பொருள் என்றே அவ்விரு குழுக்களில் ஒன்றான சக்குராய், யனகிசாவா குழுவினர் கருதினர். ஆனால் 1999இல் ஒரெக்சின் இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளை இரவில் படம் பிடித்துப் பார்த்தபோது, ஓடித் திரிந்த எலிகள் சட்டென்று சரிந்து விழுந்தன. அதே ஆண்டில், நார்கோலெப்சி என்னும் நித்திரை நோயுள்ள டோபர்மன் நாய்களில் ஒரெக்சினை ஏற்கும் புரதத்தின் மரபணு பழுதாகியிருப்பதை ஸ்டான்போர்டில் கண்டார்கள்.

மனித மூளையில் ஒரெக்சின் சுரக்கும் கலங்கள் ஏறத்தாழ 70,000. பல்லாயிரம் கோடி நரம்புக்கலங்களுக்கு நடுவே இது ஒரு பிடிகூட இல்லை. ஆனால் 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட நமது வாவியின் நீர்மட்டத்தைப் பாலமீன்மடு முகத்துவாரத்தின் சிறு மணல்திட்டு தீர்மானிப்பதுபோல, இந்தச் சில பத்தாயிரம் கலங்கள் மூளை முழுவதின் விழிப்பையும் பிடித்து நிறுத்துகின்றன.

வயிற்றிலிருந்து வரும் செய்திகள் இக்கலங்களுக்கு நேரே எட்டுகின்றன. வெறும் வயிற்றில் சுரக்கும் கிரெலின் இவற்றைத் தூண்டுகிறது, கொழுப்பிலிருந்து வரும் லெப்ரின் தணிக்கிறது, குளுக்கோசும் தணிக்கிறது. புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களோ இவற்றை உசுப்புவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். 2003இல் வெளியான சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. உணவை எடுத்துவிட்டால் சாதாரண எலி நித்திரையைக் குறைத்துக்கொண்டு அலையத் தொடங்குகிறது. இரை தேட வேண்டுமல்லவா? ஒரெக்சின் கலங்களை இழந்த எலி பட்டினியிலும் அப்படி விழித்தெழவில்லை. பசியில் நித்திரை வராமை உயிரைக் காக்கும் ஏற்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இனி, என் மனத்தை மிகவும் அழுத்தும் விடயத்துக்கு வருகிறேன். 2000இல் நார்கோலெப்சி நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தபோது இந்தக் கலங்களில் ஏறத்தாழ 90 வீதமானவை காணாமற்போயிருந்தன. உடலின் சொந்த நோயெதிர்ப்பு ஆற்றலே அவற்றை அழித்திருக்கக்கூடும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிபு. இந்நோய் அநேகமாகப் பதின்ம வயதில் தொடங்குகிறது. இரவு நன்றாக உறங்கிய பிள்ளையும் வகுப்பில் தன்னையறியாமல் உறங்கிவிடும். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழும், ஆனால் நினைவு தப்பாது. விடியற்காலையில் கண் விழித்தும் கை கால் அசையாது. பேய் அமுக்குகிறது என்று வீட்டில் நூல் கட்டுவார்கள். பசியூட்டும் பொருள் இல்லாமற்போனால் உடல் மெலியும் என்று நினைப்போம். ஆனால் இவர்களுக்குப் பெரும்பாலும் எடை கூடுகிறது. எலிகளும் அப்படித்தான், குறைவாகத் தின்றும் பருத்தன. ஆகவே அப்பிள்ளைக்குத் தூங்குமூஞ்சி, தின்னிப்பண்டாரம் என்று இரண்டு பட்டங்கள் ஒருசேரக் கிடைக்கின்றன. இரண்டுமே அநியாயம்.

மேற்கு நாடுகளில் ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அக்கணக்கு இங்கும் பொருந்துமானால், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நமது மாவட்டத்தில் இருநூற்றைம்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் பலர் இப்போது பாடசாலைகளில் கடைசி வாங்கில் இருக்கலாம். இழந்த கலங்களை மீட்க வழியில்லை. ஆனால் விழிப்பைத் தாங்கும் மாத்திரைகள் உண்டு, பகலில் குறித்த நேரத்தில் கால்மணி நேர நித்திரையும் பெரிதும் உதவுகிறது.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பில் நித்திரை கொள்ளும் பிள்ளையைத் தண்டிக்குமுன் பக்கத்தில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இரவில் தோணிக்கோ காவலுக்கோ போனாயா? காலையில் சாப்பிட்டாயா? சிரிக்கும்போது உன் முழங்கால் தளர்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால், பெற்றோரை அழைத்து, பிள்ளையை நரம்பியல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.