கடன் தாவாவில் விசாரணையில்லாத் தீர்ப்பு

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அமெரிக்கக் கோர்ட்டுகளில் நடைபெறும் கிரெடிட் கார்டுக் கடன் தாவாக்களைப்பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் சிந்திக்கவேண்டும் என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நம் குலத்துப் பிள்ளைகள் பலர் இன்று நியூஜெர்ஸியிலும் டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியும் குடித்தனமுமாக இருக்கின்றனர். வேலை போன மாதத்திலும் வைத்தியச் செலவு வந்த மாதத்திலும் அவர்களுக்குக் கைகொடுப்பது அந்தச் சிறு அட்டையே. தவணை நின்றுபோனால் சம்மன் வருகிறது. வந்த சம்மனை மேஜைக்குள் போட்டு மூடிவிட்டு, மனைவிக்கும் சொல்லாமல், ஊரிலுள்ள தாய் தந்தையருக்கும் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அம்மறைப்பினால் வரும் கேடு யாதென்பதையும், மறைக்காமல் எதிர்நின்றவர்க்கும் இடைவழியில் காத்திருக்கும் அபாயம் யாதென்பதையும் எடுத்துரைக்கவே இன்று எழுந்தேன்.

முதலில் இருவகைத் தீர்ப்புகளைப் பிரித்தறிய வேண்டும். பிரதிவாதி பதிலே போடாவிட்டால் வாதி கேட்டபடி கோர்ட்டார் கொடுப்பது ஒன்று. நாம் எக்ஸ்பார்ட்டி டிக்கிரி என்பது அதுவே. பியூ சாரிடபிள் டிரஸ்ட்ஸ் என்னும் தர்மஸ்தாபனத்தார் 2020 இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கணக்குக் கிடைத்த இடங்களில் கடன் தாவாக்களில் நூற்றுக்கு 70 க்கு மேற்பட்டவை இவ்விதமே முடிந்தன. வக்கீல் வைத்துக்கொண்ட பிரதிவாதிகள் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. இவ்வளவு எளிதாக ஜயம் கிடைக்குமானால் வாதி ஏன் அத்தாட்சி தேடப்போகிறான்?

மற்றொன்று, பிரதிவாதி பதில் போட்டபின் வருவது. அதை அந்நாட்டார் ஸம்மரி ஜட்ஜ்மெண்டு என்பர். 'முக்கியமான சங்கதி எதிலும் மெய்யான தகராறு இல்லை. ஆகையால் சாட்சிகளைக் கூண்டேற்றி விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. காகிதங்களைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுங்கள்' என்று ஒரு கட்சிக்காரர் மனுச் செய்துகொள்வது அது. இம்முறை நமக்குப் புதியதன்று. 1855 இல் இங்கிலாந்தில் உண்டியல், புரோநோட்டுத் தாவாக்களுக்கென்று ஒரு சுருக்கமான நடைமுறைச் சட்டம் செய்தனர். அதன் வழிவந்ததே நம் 1908 ஆம் வருஷத்து ஸிவில் புரொஸீஜர் கோடின் 37 ஆவது ஆர்டர். புரோநோட்டைக் காட்டித் தாவாச் செய்தால், எதிர்வாதம் செய்யப் பிரதிவாதி கோர்ட்டில் அனுமதி பெறவேண்டும் என்னும் அந்த விதி நம் பெரியோர்க்கு மனப்பாடம். அமெரிக்காவின் பெடரல் கோர்ட்டுகளில் 1938 முதல் 56 ஆவது விதியாக இம்முறை நிலவுகிறது. அங்கே அது புரோநோட்டுக்கு மட்டும் உரியதன்று. வாதியும் கேட்கலாம், பிரதிவாதியும் கேட்கலாம். கார்டுக் கடன் தாவாக்கள் பெரும்பாலும் ராஜ்யக் கோர்ட்டுகளில் நடப்பவை. ராஜ்யந்தோறும் விதிகள் சிறிது வேறுபடினும் கரு ஒன்றே.

இனித் தாவாச் செய்பவர் யார் என்று பார்ப்போம். கடன் கொடுத்த பாங்கியே வருவதும் உண்டு. ஆனால் பல தாவாக்களில் வருபவர், பாங்கியார் கைகழுவிய கடன்களை மொத்தமாக விலைக்கு வாங்கிய கம்பெனியார். பெடரல் டிரேட் கமிஷனார் 2013 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்கள் டாலர் ஒன்றுக்குச் சராசரி 4 சென்ட் விலை கொடுத்தனர். 5,000 டாலர் கடனுக்கு 200 டாலர் விலை! அது குற்றமன்று, நின்றுபோன கடனை மலிவாக வாங்குவது வியாபாரமே. ஆனால் வாங்கியது பெரும்பாலும் பெயரும் தொகையும் கண்ட ஒரு ஜாபிதாவே. உடன்படிக்கையும் மாதக் கணக்கும் அதனுடன் வருவது அருமை என்று அவ்வறிக்கையே கூறுகிறது.

இந்த ஜாபிதாவை வைத்துக்கொண்டு ஸம்மரி ஜட்ஜ்மெண்டு கேட்பவர் கோர்ட்டில் ஒரு அபிடவிட், அதாவது பிரமாண வாக்குமூலம், தாக்கல் செய்கின்றனர். அதுவே மனுவின் உயிர்நிலை. நம்மவர் ரங்கூனிலும் பினாங்கிலும் லேவாதேவிக் கடை நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கைப்பற்றிச் சாட்சி சொல்லப் பெட்டியடியிலிருந்த அடுத்தாளை அழைத்தால் அதற்கு மதிப்புண்டு. சிட்டையில் எழுதியவன் அவன். பேரேட்டில் பெயர்த்தவன் அவன். கைம்மாறி வந்த கடனை வாங்கிய மூன்றாம் விலாசத்துக் கணக்கப்பிள்ளை, முதற்கடைப் பேரேட்டைக் கண்ணாலும் காணாதவன், 'இவர் இவ்வளவு தரவேண்டும் என்பதை நான் அறிவேன்' என்று சத்தியம் செய்தால் அதற்கு என்ன மதிப்பு? 56 ஆவது விதியும் இதையே கேட்கிறது: வாக்குமூலம் கொடுப்பவர் நேரில் அறிந்ததையே கூறவேண்டும். வியாபாரக் கணக்குகளைச் சாட்சியமாக ஏற்க விலக்கு உண்டு; எனினும் அக்கணக்கு எவ்விதம் எழுதப்பட்டது, எவ்விதம் கைமாறியது என்று கூறத்தக்கவர் கூறவேண்டும். வாங்கியவர் கைக்கு வந்த பழங்கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதில் கோர்ட்டுகள் ஒரே கருத்துடையவை அல்ல.

இது வீண் சந்தேகமன்று. 2015 இல் ஜே.பி. மார்கன் சேஸ் பாங்கியார், படித்துப் பாராமலே கையெழுத்திட்ட வாக்குமூலங்கள் முதலிய குறைகளின் காரணமாக, 5,28,000 க்கு மேற்பட்ட கணக்குகளை வசூலிப்பதையும் விற்பதையும் அடியோடு நிறுத்துமாறு அரசாங்க ஸ்தாபனத்தாரால் உத்தரவிடப்பட்டனர். அவ்வளவு பெரிய பாங்கியிலேயே இந்த நிலை!

ஆகவே பிரதிவாதி செய்யவேண்டியது என்ன? 'நான் ஒப்பவில்லை' என்று பதிலில் எழுதியிருப்பது மட்டும் போதாது. பலர் ஏமாறும் இடம் இதுவே. மனு வந்தபின், குறித்த நாளுக்குள், தாமும் சத்தியத்தின் மேல் எதிர்வாக்குமூலம் கொடுக்கவேண்டும். எந்தச் சங்கதியில் தகராறு என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: இக்கணக்கு என்னுடையதன்று, இன்ன தேதியில் இன்ன தொகை கட்டினேன், அது வரவு வைக்கப்படவில்லை, வாதி இக்கடனை வாங்கியதற்குத் தொடர்ச்சியான பத்திரம் இல்லை என்றிவ்வாறு. தஸ்தாவேஜுகள் எதிரியின் கையிலேயே இருந்தால், அவற்றை வரவழைக்க அவகாசம் வேண்டும் என்று காரணங்காட்டிக் கேட்கவும் விதியில் இடமுண்டு.

இதைவிடக் கொடிய வலை ஒன்று உண்டு. வழக்கின் நடுவில் வாதியின் வக்கீல் ஒரு காகிதம் அனுப்புகிறார். 'இக்கார்டு உம்முடையது என்பதை ஒப்புக்கொள்க. இத்தொகை பாக்கி என்பதை ஒப்புக்கொள்க' என்று வரிசையாக எழுதியிருக்கும். பெடரல் விதிப்படி 30 நாட்களுக்குள் பதில் கொடாவிட்டால் அத்தனையும் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும். பல ராஜ்யங்களிலும் இதையொத்த விதி உண்டு. கோர்ட்டு முத்திரை இல்லாத காகிதம் என்று அலட்சியமாக வைத்துவிட்டவர் கதி யாது? மறுமாதமே, அந்த மௌனத்தை அத்தாட்சியாக இணைத்து ஸம்மரி ஜட்ஜ்மெண்டுக்கு மனு வரும். அப்பொழுது வாதியிடம் பேரேடு இல்லாவிடினும் குறையில்லை. பிரதிவாதியின் வாயடைப்பே பேரேடாகிவிடுகிறது.

காலாவதியும் அப்படியே. கடன் காலங்கடந்தது என்பதைப் பிரதிவாதியே தம் பதிலில் எழுப்பவேண்டும். ஜட்ஜு தாமாகத் தேடிச் சொல்லமாட்டார். நியூயார்க்கின் உச்ச அதிகாரமுடைய கோர்ட் ஆப் அப்பீல்ஸில் 2010 இல் தீர்ந்த வழக்கொன்று இதற்குத் தக்க சாட்சி. கார்டு கொடுத்த பாங்கி டெலவேர் ராஜ்யத்தது. கடனை வாங்கிய கம்பெனியார் நியூயார்க்கில் தாவாச் செய்தனர். கீழ்க்கோர்ட்டுகள் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. மேற்கோர்ட்டாரோ, நஷ்டம் நேர்ந்த இடம் பாங்கியிருந்த டெலவேர் ஆதலால் அந்த ராஜ்யத்தின் மூன்று வருஷக் கெடுவே செல்லும் என்றும், தாவாக் காலங்கடந்தது என்றும் தீர்த்தனர். அதன்பின் நியூயார்க்கில் 2021 இல் செய்த சட்டம் இத்தகைய கடன்களுக்கு மூன்று வருஷத்தையே கெடுவாக்கிற்று. கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் பொதுவாக நான்கு வருஷம்.

வாதியிடம் ஆதாரமில்லை என்று கண்டால் பிரதிவாதியே ஸம்மரி ஜட்ஜ்மெண்டு கேட்டுத் தாவாவைத் தள்ளச் செய்யலாம். டெக்ஸாஸில் 1997 முதல் இதற்கெனத் தனி விதியே உண்டு: ஆதாரம் தேடப் போதிய அவகாசம் கொடுத்தபின், 'இன்ன அம்சத்துக்கு உம்மிடம் சாட்சியமில்லை' என்று பிரதிவாதி குறிப்பிட்டால், சாட்சியத்தைக் கொணரும் பாரம் வாதியின் தலைமேல் ஏறுகிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, வாங்கிய கடனைக் கொடாமலிருக்க வழி சொல்லுகிறேன் என்று எவரும் எண்ணற்க. கடன் கொடுத்து வாழ்ந்த குலத்தில் பிறந்தவன் அப்படிச் சொல்லக் கூடுமா? கொடுத்தவன் கேட்பது நியாயம். ஆனால் ஏட்டைக் காட்டிக் கேட்கவேண்டும் என்பதும் நம் முன்னோர் வைத்த நியாயமே. பாங்கியாரே வாதியாக நின்று, கையொப்பத்தையும் மாதாந்தரக் கணக்கையும் நாம் கட்டிவந்த தவணைகளையும் காட்டுவார்களேயானால், எதிர்த்து நிற்பது வக்கீல் செலவைக் கூட்டுவதேயாகும். அப்பொழுது தீர்ப்புக்கு முன்னரே ராஜி பேசித் தவணை கேட்பது உத்தமம்; ராஜியை எழுத்தில் வாங்கவேண்டும். கம்ப்யூட்டரில் யாரோ பரப்பிவிடும் 'பாங்கி உண்மையில் பணமே கொடுக்கவில்லை' என்பது போன்ற வாதங்களைக் கோர்ட்டில் கொண்டுபோய்ப் படிப்பவர் நகைப்புக்கே இடமாவர்.

தீர்ப்பானபின் பெரும்பாலான ராஜ்யங்களில் சம்பளத்தின்மேல் கைவைக்கலாம். பெடரல் சட்டம் சாதாரணக் கடனுக்குக் கழிவுபோன சம்பளத்தில் நூற்றுக்கு 25 க்கு மேல் பிடிக்கலாகாது என்கிறது. டெக்ஸாஸில் இத்தகைய கடனுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் பாங்கிக் கணக்கிற் சேர்ந்த பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

ஊருக்குத் திரும்பிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கா நம் கோடின் 44-ஏ பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நாடன்று. ஆகையால் அங்குள்ள டிக்கிரியை இங்கே நேரே நிறைவேற்ற இயலாது. அதன்மேல் இங்கே புதிதாகத் தாவாச் செய்யவேண்டும். அதற்குக் கெடு மூன்று வருஷம். 13 ஆவது பிரிவின்படி, வழக்கின் குணதோஷங்களை ஆராயாமல் கொடுத்த அந்நியத் தீர்ப்பு இங்கே முடிவானதன்று. பிரதிவாதி வாராமையால் மட்டும் கொடுக்கப்பட்ட டிக்கிரி இதனால் பலவீனப்படலாம். இரு கட்சிக் காகிதங்களையும் வைத்து ஆராய்ந்து கொடுத்த ஸம்மரி ஜட்ஜ்மெண்டை அவ்வளவு எளிதில் அசைக்கமுடியாது. ஆதலின் சம்மன் பெற்ற பிள்ளை விமானச் சீட்டு வாங்குமுன், அந்த ராஜ்யத்து லாயர் ஒருவரிடம் காகிதங்களைக் கொண்டுபோய்க் காட்டும்படி அவனுக்கு எழுதுங்கள். பணமில்லாதவர்க்கு உதவும் இலவசச் சட்ட உதவிச் சங்கங்கள் பல ஊர்களில் உள்ளன.