தீவு வாழ்வும் உணவுச் சத்தும்

வயிறு நிறைந்தால் உடல் வளரும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். வயிறு நிறைவது வேறு. உடல் தனக்கு வேண்டியதைப் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் குடியேறி வாழும் நாம் பிறரினும் நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். நம் உணவுப் பண்டங்களில் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வருகின்றது. கப்பலுக்கு ஏற்றவை பலநாள் கெடாத அரிசியும் பருப்பும் கிழங்குமே, கீரை அத்தகையதன்று. மழைக்காலத்தில் கப்பல் தாமதித்தால், சோறும் ஊறுகாயுமாக நாளைக் கழிக்கும் வழக்கம் எளிதில் வந்துவிடுகிறது.

உணவிலிருந்து உடல் பெற வேண்டியவை ஆறு: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், வைட்டமின் என வழங்கும் உயிர்ச்சத்துக்கள், தாது உப்புக்கள், நீர். மாவுச்சத்தும் கொழுப்பும் விறகு போன்றவை. உழைப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தருபவை. 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கலோரியும் அளிக்கும். புரதம் தசையை வளர்ப்பது, தேய்ந்ததைப் புதுப்பிப்பது. உயிர்ச்சத்தும் தாது உப்பும் மிகச் சிறிய அளவே வேண்டப்படுபவை. ஆயினும் அவை இல்லையேல் ஏனையவை பயன்படாமற் போகும். அடுப்பு நிறைய விறகிருந்தும் நெருப்புப் பொறி இல்லாத நிலை அது.

இவ்வுண்மையை உலகம் அறிந்துகொண்டதில், நமக்கு முன்னே கடல் கடந்த தமிழரின் சோற்றுக்கும் ஒரு பங்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி என்னும் நோயால் மாண்டனர். கால் மரத்துப்போகும், வீங்கும், இறுதியில் இதயம் தளரும். அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. இருசாராருக்கும் அரிசியே உணவு. ஆனால் சீனர் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

இவ்வேறுபாட்டைப் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் 1907இல் நூலாக எழுதினார். அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என அவர் கருதினார். கோலாலம்பூரில் மனநோயாளர் இல்லத்து மருத்துவரான பிளெட்சர், 1905இல் தொடங்கி, ஒரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவரிடையே நோய் பரவியது, மற்றவர் தப்பினர். நஞ்சன்று, சத்துக்குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்து, நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முற்றும் போவதில்லை. இந்நோயை ஆராய்வதற்கென 1918இல் மெக்கரிசன் நீலகிரியின் குன்னூரில் தொடங்கிய பணியே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

எனினும் புழுங்கலரிசி ஒன்றே போதும் எனக் கொள்ளலாகாது. பார்வைக்கு வேண்டிய ஏ உயிர்ச்சத்தும், ஈறுகளைக் காக்கும் சி உயிர்ச்சத்தும் சோற்றில் இல்லை. நெடுங்கடலில் பயணம் செய்த மாலுமிகளின் ஈறு அழுகிக் குருதி கசிந்ததும், 1747இல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் தந்து சிலரைத் தேற்றியதும் வரலாறு. இரும்புச் சத்தின் குறையோ நம் வீடுகளிலேயே உள்ளது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். அனைவர்க்கும் பரிமாறிவிட்டு, எஞ்சிய சோற்றில் இரசத்தை ஊற்றிக்கொண்டு எழும் தாய்மாரை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தீவில் இவற்றுக்கு வழி இல்லையா? நெல் பயிரிடாமலே பன்னெடுங்காலம் வாழ்ந்த நிக்கோபார்ப் பழங்குடியினர் அதற்கு விடை கூறுவர். தாழையினத்து மரத்தின் பெரிய பழத்தை வேகவைத்து எடுக்கும் களியிலும் கிழங்கிலும் மாவுச்சத்து, தேங்காயில் கொழுப்பு, மீனிலும் பன்றி இறைச்சியிலும் புரதம் என, அவர்கள் தம் நிலத்திலும் கடலிலும் இருந்தே உணவைத் தேடிக்கொண்டனர்.

நாமும் ஆவன செய்யலாம். மீன் உண்போர்க்குக் கடல் அருகிலேயே உள்ளது. நெத்திலி போன்ற சிறுமீன்களை முள்ளோடு மென்று உண்டால் சுண்ணாம்புச் சத்தும் கிட்டும். மரக்கறி உண்போர் சோற்றோடு பருப்பைச் சேர்த்துக்கொண்டால், ஒன்றன் புரதக் குறையை மற்றொன்று நிரப்பும். கேழ்வரகும் எள்ளும் சுண்ணாம்புச் சத்தைத் தரும். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஓர் எலுமிச்சை இருந்தால் கப்பலை எதிர்நோக்க வேண்டுவதில்லை. கீரையின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து உண்டால், அதிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அச்சேர்க்கை குறையும். ஆதலின் தேநீரைச் சற்றுப் பின்தள்ளுதல் நன்று. அரிசியைப் பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தை வீணாக்குவதாம்.

கடல் கடந்து வந்தோர் உடன் கொணர்ந்த உடைமைகளுள் புழுங்கலரிசிச் சோறும் ஒன்று. அதனைக் கைவிடாமல், இம்மண்ணும் கடலும் தரும் கீரையையும் கனியையும் மீனையும் அதனருகே வைத்துக்கொள்வோம். முதற்பங்கைத் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் அளிப்போம்.