மின்சாரம் வந்தது, காவல் வந்ததா?

(சபரகமுவத் தோட்டப் பகுதி மக்களிடையே ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சம்பளமன்று, காணியுரிமையுமன்று. அவற்றைப் பற்றி நாம் பேசாத மேடையில்லை. இனியும் பேசாதிருக்கப் போவதில்லை. ஆயினும், சம்பளத்தைக் கைநீட்டி வாங்குவதற்கும் காணியிலே வீடு கட்டிக் குடியிருப்பதற்கும் முதலில் உயிர் வேண்டும். காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் மாலையில் வீடு திரும்பவேண்டும். அந்த உயிரை ஒரு நொடியில் பறிக்கவல்ல மின்சாரத்தைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

இந்த நாட்டின் மின்சாரம் எங்கே பிறந்தது? களனி கங்கையின் தலையாறுகளில் 1950 ஆம் ஆண்டு லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. வளவை கங்கையை மறித்து, பலாங்கொடைக்கு அருகே எழுந்த சமனலவெவ நிலையம் 1992 ஆம் ஆண்டு முதல் 120 மெகாவாட் மின்சாரம் தரும் ஆற்றலோடு நிற்கின்றது. சபரகமுவ மலைகளின் நீர் கொழும்பு நகருக்கு விளக்கேற்றியது. அந்த மலைகளிலே கொழுந்து பறித்த மக்களின் லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர் மின்சாரம் வந்தது, மகிழ்ந்தோம். ஆனால் மின்சாரத்தோடு கூடவே வரவேண்டிய காவல் வந்ததா? இதுவே நம் கேள்வி.

முதலில் தொழிற்சாலைக்குள் நுழைவோம். இரத்தினபுரி மாவட்டம் தாழ்நிலத் தேயிலைக்கும், கேகாலை மாவட்டம் ரப்பருக்கும் பெயர்பெற்றவை. தேயிலை ஸ்டோரிலே கொழுந்து வாட்டும் தட்டின் காற்றாடி முதல் ரோலர், உலர்த்தும் அடுப்பு, சல்லடை வரை யாவும் மின்சாரத்தால் ஓடுகின்றன. தேயிலைத் தூசியும் பஞ்சு போன்ற தும்பும் மோட்டார் மீதும் ஆளிப்பெட்டிக்குள்ளும் படிகின்றன. அத்தூசி தீப்பற்றும் தன்மையது. ரப்பர்த் தொழிற்சாலையிலோ நிலமே எப்போதும் ஈரம். உறைந்த பாலை உருளைக்குள் கொடுப்பவர் நீரில் நின்றபடியே கொடுக்கின்றார். பலருக்குக் காலிலே செருப்பும் இல்லை. ஈரமான தரை, வெறுங்கால், இரும்பு இயந்திரம் என்னும் இம்மூன்றும் சேருமிடத்தில், உறை தேய்ந்த ஒரு கம்பி போதும். ஒரு குடும்பம் விளக்கிழந்து போகும்.

எவ்வளவு மின்சாரம் ஒருவரைக் கொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். நம் வீடுகளில் எரிந்த பழைய 60 வாட் குமிழ் விளக்கு ஏறத்தாழ கால் அம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதில் ஐந்திலொரு பங்கு நெஞ்சின் ஊடாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து மனிதன் மாளக்கூடும். உடம்பு நனைந்திருந்தால், 230 வோல்ட் கம்பியிலிருந்து இந்த அளவைப்போல் நான்கு மடங்குக்கு மேலும் பாயக்கூடும்.

“எங்கள் ஸ்டோரிலே உருகி உண்டே, அது காப்பாற்றாதா?” என்று சிலர் கேட்பர். இங்கேதான் நம் மக்களுள் பலர் ஏமாந்து நிற்கின்றனர். உருகி காப்பது கம்பியை; மனிதனை அன்று. ஐந்து அம்பியர் உருகி, அந்த அளவுக்கு மிகையாக மின்சாரம் ஓடினாலன்றி அறுவதில்லை. மனிதனைக் கொல்வதற்கோ அதில் நூறிலொரு பங்கு போதும். உருகி அறுவதற்கு வெகு முன்பே உயிர் அறுந்துவிடும். அந்த உருகியையும் எடுத்துவிட்டுச் செப்புக் கம்பியை முறுக்கிப் போடும் வழக்கம் உள்ள இடங்களில், கம்பிக்கும் காவலில்லை, கட்டடத்துக்கும் காவலில்லை.

மனிதனைக் காப்பதற்கென்றே வேறொரு கருவி உண்டு. பாடநூல்கள் அதனை மீதியோட்டச் சுற்றுடைப்பான் என்கின்றன. நாம் ட்ரிப் சுவிட்ச் என்கின்றோம். உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஓர் ஆளின் உடம்பு வழியாக மண்ணுக்கு ஒழுகி 30 மில்லி அம்பியர் குறைந்தாலும் கணப்பொழுதில் மின்சாரத்தை வெட்டிவிடும். ஒருவர் இரு கம்பிகளையும் ஒருசேரப் பிடித்தால் அது அறியாது. ஆதலால் அது இருக்கின்றதென்று துணிந்து கம்பியைத் தொடலாகாது. ஆயினும் மின் ஒழுக்கினால் நேரும் சாவுகளைத் தடுப்பதில் அதற்கு இணையான கருவி இல்லை.

இந்தக் கருவி யாருக்காக ஆக்கப்பட்டது தெரியுமா? 1950 களில் தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் காவலுக்காக இத்தகைய கருவியை உருவாக்கினார். பின்னர் சுரங்கத்தை அடுத்த குடியிருப்பு வீடுகளிலும் அது பொருத்தப்பட்டது. தொழிலாளியின் உயிரைக் காக்கப் பிறந்த கருவி இன்று மாளிகைகளில் எல்லாம் இருக்கின்றது. தொழிலாளியின் லயத்திலே இருக்கின்றதா என்று கேட்கவேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம்.

அடுத்து, சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் வேலைசெய்வோரின் பாதுகாப்பை உரிமையாளர் மீது கடமையாக வைத்திருக்கின்றது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் வந்து பார்க்கும் அதிகாரம் உடையவர்கள். நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரே அதன் எல்லையைக் காட்டுகின்றது. அது ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகின்றது. மலையிலே கொழுந்து பறிக்கும் தாய்க்கும், விடியற்காலையில் பால்வெட்டப் போகும் தோழருக்கும், லயத்திலே உறங்கும் பிள்ளைக்கும் அது குடை பிடிக்கவில்லை. மின்சாரமோ வாசலைப் பார்த்து நிற்பதில்லை. கம்பி போகுமிடமெல்லாம் போகின்றது.

லயத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளிக்குக் குடியிருப்பு என்பது வேலையோடு ஒட்டிய ஒன்று. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. லயங்களுட் பல அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியவை. ஒரு காம்பிராவுக்கு இழுத்த கம்பியிலிருந்து அடுத்த காம்பிராவுக்கும், அங்கிருந்து பின்புறக் குசினிக்கும் இழுத்திருப்பர். தகரக் கூரையின் விளிம்பில் கம்பியின் உறை தேயும். கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். அக்கூரையிலே கட்டிய இரும்புக் கொடியில் ஒரு தாய் ஈரத் துணியை உலர்த்தக் கை நீட்டுவாள்.

இதைச் சீர்செய்ய வேண்டியவர் யார்? “கம்பி நீங்கள் இழுத்தது” என்று நிர்வாகம் சொல்லலாம். “கட்டடம் தோட்டத்துக்குரியது” என்று தொழிலாளி சொல்லலாம். “மீற்றருக்கு அப்பால் எமக்குப் பொறுப்பில்லை” என்று மின் விநியோகிப்போர் சொல்லலாம். மூவரும் சொல்வதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் மூன்று நியாயங்களுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் உயிர் போகுமாயின், அந்த நியாயங்களால் பயன் என்ன? கட்டடத்துக்கு உரியவர் எவரோ அவரே அதன் மின்காவலுக்கும் முதற் பொறுப்பாளி என்பதே நம் கொள்கை.

இனி மலைக்கும் கொல்லைக்கும் வருவோம். இங்கே விவசாய நண்பர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டியிருக்கின்றது. காட்டுப்பன்றி உங்கள் மரவள்ளியையும் நெல்லையும் அழிப்பதை நாம் அறிவோம். ஒரு போக உழைப்பு ஓரிரவில் போகின்ற வேதனையையும் அறிவோம். ஆயினும், வீட்டு மின்சாரத்தை நேரே வெறுங் கம்பியில் ஏற்றி வயலைச் சுற்றி இழுப்பது சட்டவிரோதம். அது மனிதக் கொலைக்கு வழி திறப்பதுமாகும். விடியுமுன் இருளிலே பால்வெட்டப் போகின்றவர், விறகு தேடிப் போகின்ற பெண், பள்ளிக்குக் குறுக்குவழியில் ஓடுகின்ற சிறுவன் ஆகியோரை அந்தக் கம்பி பன்றியிலிருந்து வேறுபடுத்தி அறியாது. சில வேளைகளில் கம்பி கட்டியவரே அதில் மாண்டிருக்கின்றார். முறையான மின்வேலி வேறு. அதற்கென அமைந்த கருவி, விநாடிக்கு ஒரு தடவையளவில் மிகக் குறுகிய துடிப்பை மட்டும் அனுப்பும். விலங்கு அஞ்சி விலகும், உயிர் போகாது. அத்தகைய வேலியைக் கூட்டாக அமைக்க விவசாயிகளுக்கு உதவி தரவேண்டும் என்று கேட்போம். அக்கோரிக்கையில் நாம் உங்கள் பக்கம் நிற்போம். வெறுங் கம்பியில் மின்சாரம் ஏற்றும் செயலுக்கு மாத்திரம் துணைநிற்க மாட்டோம்.

தலைக்கு மேலே செல்லும் மின்கம்பிகளையும் மறத்தலாகாது. நிழல் மரத்தின் கிளை தறிப்போரும், இரும்புத் துறட்டியோடும் அலுமினிய ஏணியோடும் நடப்போரும் மேலே பார்த்து நடக்கவேண்டும். 2022 ஏப்பிரல் 27 ஆம் நாள், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டிலே திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். நம் தோட்டக் கோயில்களிலும் தேர் இழுக்கின்றோம், அலங்கார வளைவு கட்டுகின்றோம். பக்தி கண்ணை மூடச் சொல்லலாம். தேர்ப்பாதையைப் பார்க்கும்போது கண் திறந்திருக்கவேண்டும்.

மற்றுமொரு குறை மொழியைப் பற்றியது. ஆளிப்பெட்டியின் மேல் “அபாயம்” என்று எழுதுவது அதைத் தொடக்கூடியவர் படித்தறியவே. தொழிலாளி தமிழராக இருக்க, பலகை தமிழில் இல்லையாயின் அது யாரை எச்சரிக்கின்றது? 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. அந்த உரிமை அரச காகிதங்களோடு முடிந்துவிடலாகாது. உயிர் காக்கும் பலகையிலும் தமிழைக் காணவேண்டும்.

பிறரைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடவும் கூடாது. சிறு அதிர்ச்சி ஏற்பட்டால் “கரண்ட் அடித்தது” என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வது நம் வழக்கம். அச்சிறு அதிர்ச்சியே பெரிய சாவுக்கு முன்வரும் ஓலை. அன்றே எழுத்தில் முறையிடுங்கள். மின்சாரத்தில் அகப்பட்டவரைக் கையால் இழுக்காதீர்கள். முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். அது இயலாவிடின், காய்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். தலைக்கு மேற்செல்லும் உயரழுத்தக் கம்பியாயின் கட்டையும் காக்காது. மின்சாரம் நிறுத்தப்படும் வரை அணுகவே வேண்டாம். விடுபட்டவருக்கு மூச்சு இல்லையாயின் மார்பை அழுத்தி உயிர்மீட்கும் முறையை உடனே தொடங்கி, 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தவறாதீர்கள்.

நம் கோரிக்கைகள் ஐந்து. முதலாவது, தொழிற்பாதுகாப்புச் சட்டம் ஸ்டோர் வாசலைக் கடந்து மலைக்கும் வரவேண்டும். பாதுகாப்பான வேலைச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று 2022 ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஏற்றுக்கொண்டது. தோட்டத் தொழிலாளியும் அந்த உலகத்தைச் சேர்ந்தவரே. இரண்டாவது, ஒவ்வொரு லயக் காம்பிராவுக்கும் ட்ரிப் சுவிட்சும் சரியான புவித்தொடுப்பும் நிர்வாகத்தின் செலவில் அமையவேண்டும். கருவியின் விலை ஒரு தொழிலாளியின் சில நாட் சம்பளத்துக்கு மேற்போவதன்று. மூன்றாவது, இயந்திரத்தைக் கழுவுமுன்பும் திறக்குமுன்பும் மின்சாரத்தை நிறுத்தி, ஆளியைப் பூட்டி, சாவியை வேலைசெய்பவரே வைத்திருக்கும் முறை வேண்டும். பயிற்சி பெற்ற மின்னியலாளரன்றி வேறெவரையும் ஆளிப்பெட்டியைத் திறக்கச் சொல்லலாகாது. நான்காவது, எச்சரிக்கையும் பயிற்சியும் தமிழில் நடைபெறவேண்டும். ஐந்தாவது, விபத்து நேர்ந்த அன்றே உண்மை பதிவாகவேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தரும் உரிமை, பதிவு இல்லாத காரணத்தால் ஒரு விதவையின் கையிலிருந்து நழுவக்கூடாது.

இக்கூட்டத்திலே படித்த இளைஞர்கள் பலரைக் காண்கின்றோம். லயத்திலே பிறந்து ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் மின்னியலாளராகவும் உயர்ந்தவர்கள் நீங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு லயத்துக்குச் செல்லுங்கள். தேய்ந்த கம்பியைக் கண்டு எழுதிக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்குமிடத்தில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் அந்தக் கணக்கைக் கையிலேந்தி நாம் நிர்வாகத்தின் முன்பும் திணைக்களத்தின் முன்பும் நிற்போம்.

எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், இறக்குவானையிலும் காவத்தையிலும் இன்றிரவு விளக்குகள் எரியும். அவ்விளக்கின் கீழே உறங்குவோர் நாளைக் காலையில் வேலைக்குச் சென்று, மாலையில் முழு உயிரோடு திரும்பவேண்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.