ஒரு நுகத்தில் இரு எருதுகள்

பாரமேற்றிய வண்டியை ஈர்க்க ஓர் எருது போதாதெனில், நுகத்தில் இரண்டாவது எருதைப் பூட்டுவது முன்னோர் கண்ட வழி. பழைய வான் ஒன்றின் எஞ்சினை அகற்றாது, அதனோடு மின்மோட்டாரையும் மின்கலத் தொகுதியையும் இணைக்கும் முறையும் இத்தகையதே. இதனைக் கலப்பு இயக்கம் என்பர்.

இதனால் விளையும் பயன் யாது? இரண்டு தொன் நிறையுள்ள வான் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது என்று கொள்க. அதன் ஓட்டத்தில் அடங்கிய ஆற்றல், வீட்டு மின்பட்டியலிற் காணும் ஓர் அலகில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சாரதி பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தும்போது அதிற் பெரும்பகுதி வெப்பமாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது. கடைகளுக்குப் பாண் கொண்டு செல்லும் வான் நாளொன்றுக்கு நூறு முறை இவ்வாறு நிற்குமாயின், ஏறக்குறைய ஐந்து அலகு வீணாகும். ஒரு லீற்றர் டீசலிற் பத்து அலகளவு ஆற்றல் உண்டெனினும், அதில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் சக்கரத்தை அடைதல் அரிது. ஆதலின் அவ்வீணின் விலை ஒன்றரை லீற்றர் அளவாகும். மின்மோட்டார் பூட்டிய வண்டியிலோ, வேகந் தணியும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, அவ்வாற்றலில் ஒரு பகுதியை மின்கலத்திற் சேமிக்கும். மீண்டும் புறப்படுகையில் அச்சேமிப்பே வண்டியைத் தள்ளும்.

இம்முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. விக்டர் வோக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், சார்ள்ஸ் றோசன் என்பாரின் துணையுடன், 1972 ஆம் ஆண்டுப் பியூக் ஸ்கைலார்க் வண்டியின் பெரிய எஞ்சினை நீக்கி, சிறிய மஸ்டா எஞ்சினையும் மின்மோட்டாரையும் பொருத்தினார். 1974 இல் அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் அதனைச் சோதித்தது. எரிபொருட் சிக்கனம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. நச்சுப்புகை அக்காலத்துச் சாதாரண வண்டியினதிற் பத்தில் ஒரு பங்களவே இருந்தது. எனினும் 1976 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1997 இல் யப்பானில் டொயோட்டா பிறியஸ் விற்பனைக்கு வந்தபோதுதான், பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட கலப்பு வண்டியை உலகம் கண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் வீணே கழிந்தது.

பின்புறச் சக்கரங்களால் இயங்கும் வானில், எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டோடு மோட்டாரை இணைக்கலாம். முன்சக்கரங்களால் இயங்குவதாயின், பின்சக்கரங்களுக்கு மோட்டாரைத் தரலாம். ஆயினும் அவதானிக்க வேண்டியவை சில உள. மின்கலத்தின் நிறை ஏற்றும் சரக்கின் அளவைக் குறைக்கும். எஞ்சின் ஓயும்போது பிரேக்கிற்கும் சுக்கானுக்கும் அது அளித்த துணையும் ஓயும். அதற்கு மாற்று வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் உயிரைப் பறிக்கும். பயிற்சி பெற்றோரே அதனைத் தொடல் வேண்டும்.

நின்று நின்று செல்லும் நகர வானுக்கே இது பெரும்பயன் தரும். நெடுஞ்சாலையில் இடையறாது ஓடும் வண்டிக்கு மீட்கத்தக்க ஆற்றல் சிறிது. உடற்சட்டம் துருவேறிய வண்டிக்கோ இம்முயற்சி வீண் செலவாகும். எருதுகள் எத்துணை வலியவாயினும், அச்சு முறிந்த வண்டியை ஊர் சேர்க்க அவற்றால் இயலாது.